பட்டறைக் கேள்வி பதில்: நெல்லு ஊறின பொறகு யோசிச்சு வேலையில்ல

போன மாசம் ரோபோ வச்ச தொழிற்சாலைய கணக்கால எப்புடி ஓட்டுற எண்டு நாலு வரி எழுதிப்போட்டன், அதுக்கு வந்த கடிதங்களப் பாத்தா எனக்கே கொஞ்சம் பயமாக் கிடக்கு. தறிக்காரர், மில்லுக்காரர், கம்பஸ் பிள்ளைகள் எண்டு எல்லாரும் எழுதியிருக்காங்க. இடம் காணாது எண்டு கேள்விகள சுருக்கித்தான் போட்டிருக்கன், கோவிக்காதீங்க.

*கேள்வி: சேர், ஃபிளெக்சிபிள் மெனுஃபெக்சரிங் சிஸ்டம் எண்டுறதும் ஒட்டோமேஷன்தானே, மறுகா ஏன் அதுக்கு வேற பேரு? (மாணவி, வந்தாறுமூலை)*

இல்ல மகள். சோடாப் போத்தல் அடைக்கிற லைனும் ஒட்டோமேஷன்தான், ஆனா அதுக்குள்ள ஒரு ஜாம் போத்தல விட்டுப் பாருங்க, எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஸ்பேனரத் தேடணும். எப்.எம்.எஸ், அதாவது நெகிழ்வான உற்பத்தி முறை எண்டா இப்ப ஒரு பாகம் வெட்டும், அது முடிய முற்றா வேற ஒரு பாகம் வெட்டும், ஆரும் கிட்டப் போகத் தேவையில்ல. கொம்பியூட்டர் சொல்லக் கேக்கிற மெஷின் நாலஞ்சு, இடையில சாமான் ஏத்தி இறக்க ரோபோவோ வண்டியோ ஒண்டு, எது எப்ப எங்க போகணும் எண்டு தீர்மானிக்க மேல ஒரு கொம்பியூட்டர், அவ்வளவுதான். லண்டன்ல சிகரெட் சுத்துற மெஷின் செய்த மொலின்ஸ் கம்பனியில தியோ வில்லியம்சன் எண்ட எஞ்சினியர் 1960கள்ல 'சிஸ்டம் 24' எண்டு ஒண்ட வடிவமைச்சார், 24 எண்டது 24 மணித்தியாலம், பகல்ல ஆக்கள் சாமானப் பூட்டி வச்சிட்டுப் போனா ராவைக்கு ஆளில்லாம ஓடணும் எண்ட ஆசை. அந்த ஆசை அவர்ட காலத்துல முழுசாக் கைகூடல்ல, ஆனா பின்னுக்கு வந்தவங்க நடந்தது அந்தப் பாதையிலதான்.

*கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்கு 6 தறி இருக்கு. டிசைன் மாத்த பாவு (தறியில நீளத்துக்கு ஓடுற நூல்) புதுசா ஏத்தணும், ஒரு தறிக்கு ஒரு நாள் போயிரும். ஒரு தறியில ஒரு நாளைக்கு 3 சாரன் நெய்யலாம். கடைக்காரர் கலர் கலராக் கேக்கிறாங்க. உங்கட கணக்கு எங்களுக்கும் பொருந்துமா? (தறிக்காரர், மருதமுனை)*

வஅலைக்கும் ஸலாம் நானா. பொருந்துமா எண்டு கேக்கிறீங்க, நீங்க எழுதினதே பாதிக் கணக்குத்தான். 6 சாரனுக்கு ஒருக்கா பாவு மாத்தினா நெசவு 2 நாள், மாத்துறது 1 நாள், அப்ப தறியிட மூணுல ஒரு பங்கு நேரம் சும்மா போகுது. 30 சாரனுக்கு ஒருக்கா மாத்தினா 10 நாள் நெசவுக்கு 1 நாள்தான் நட்டம், 11ல ஒரு பங்கு, ஆனா ஒரே கலர்ல 30 சாரன் அலுமாரிக்குள்ள அடுக்கி வச்சிட்டு நீலம் கேட்டு வாறவர திருப்பி அனுப்பணும். நெகிழ்வு எண்டு பெரிசாச் சொல்லுறது இதத்தான், பாவு மாத்துற அந்த ஒரு நாள அரை நாளாக்கினீங்க எண்டா 15 சாரனுக்கு ஒருக்கா மாத்தினாலும் அதே 11ல ஒரு பங்குதான் நட்டம். புதுத் தறி வாங்கக் காசு தேடுறதுக்கு முதல், அடுத்த பாவ வெளியிலயே ஓட்டி ரெடியா வச்சிட்டு தறி நிக்கிற நேரத்துல பிணைக்கிற வேலைய மட்டும் செய்யலாமா எண்டு பாருங்க. கார் ரேஸ்ல டயர் மாத்துறவன் கார் வந்த பொறகா டயரத் தேடுறான்?

இன்னொண்டு. நூல் இறக்கினதுல இருந்து சாரன் மடிச்சுக் கட்டுறது வரைக்கும் உங்கட வீட்டுக்குள்ள அரைகுறையாக் கிடக்கிற எல்லாத்தையும் சாரன் கணக்குல எண்ணுங்க. 60 இருக்கு, நாளைக்கு 12 வெளிய போகுது எண்டா ஒரு சாரன் சராசரியா 5 நாள் உள்ள கிடக்குது. இது ஜோன் லிட்டில் எண்டவர் 1961ல நிறுவின விதி, உள்ள கிடக்கிறது = வெளிய போற வேகம் × கிடக்கிற நேரம், தறிக்கும் சரி ஆஸ்பத்திரிக் கியூவுக்கும் சரி. 5 நாளக் குறைக்கணும் எண்டா ஆக்கள விரட்டாதீங்க, 60ஐக் குறையுங்க.

*கேள்வி: தளபாடக் கடை வச்சிருக்கன். தச்சு வேலைக்கு ஒரு ஆள், பொலிஷுக்கு ஒரு ஆள். தச்சு முடிஞ்சுதான் பொலிஷ். வந்த ஓடர் வரிசையிலதான் செய்யிறம், ஆனா பொலிஷ்காரன் காலையில சும்மா குந்தியிருக்கான், பின்னேரம் ஓவர்டைம் கேக்கிறான். (வாசகர், அக்கரைப்பற்று)*

பொலிஷ்காரனத் திட்டாதீங்க தம்பி, பிழை வரிசையில. நீங்க அனுப்பின அஞ்சு ஓடரையும் மணித்தியாலத்துல போடுறன், முதல் எண் தச்சு, மற்றது பொலிஷ். அலுமாரி 7, 2. யன்னல் 3, 1. கதிரை செட் 6, 4. கட்டில் 4, 5. மேசை 2, 6. உங்கட வரிசையும் இதுதான். முதல் 7 மணித்தியாலம் பொலிஷ்காரனுக்கு ஒரு வேலையும் இல்ல, கடைசில கட்டிலும் மேசையும் அவன்ட தலையில விழுது, எல்லாம் முடிய 31 மணித்தியாலம்.

1954ல எஸ். எம். ஜோன்சன் எண்டவர் ஒரு விதி எழுதினார், சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் குடுக்கலாம். எல்லா எண்ணுக்குள்ளயும் ஆகச் சின்னத எடுங்க, அது தச்சுப் பக்கம் இருந்தா அந்த ஓடர முன்னுக்குப் போடுங்க, பொலிஷ் பக்கம் இருந்தா பின்னுக்கு. அத வெட்டிப்போட்டு திரும்பவும் அதே மாதிரி. யன்னல்ட 1 பொலிஷ் பக்கம், அது கடைசி. 2 ரெண்டு இருக்கு, மேசைட தச்சு 2, அது முதல், அலுமாரிட பொலிஷ் 2, அது கடைசிக்கு முதல். மிச்சத்துல கட்டில் முன்னுக்கு, கதிரை பின்னுக்கு. ஆக மேசை, கட்டில், கதிரை, அலுமாரி, யன்னல். கடதாசியில போட்டுப் பாருங்க, 23 மணித்தியாலத்துல முடியும். எட்டு மணித்தியாலம் மிச்சம், ஒரு நாள் சம்பளம், ஒரு மெஷினும் வாங்கல்ல. இதுக்குக் கீழ போகவும் ஏலாது, ஏனெண்டா தச்சு மட்டும் கூட்டினா 22, கடைசியா வெளிய வாற சாமானுக்கு குறைஞ்சது 1 மணித்தியாலம் பொலிஷ்.

ஆனா அலுமாரிக்காரர் ஊர்ல பெரியவர், அவர்ட ஓடர நாலாவதாப் போட்டா கோவிப்பார் எண்டா அதுக்கு ஜோன்சன்ட விதியில இடமில்ல, அது உங்கட பாடு. மூணாவதா குஷன் அடிக்கிற ஆளையும் சேத்தீங்க எண்டா இந்த விதி பொதுவா வேலை செய்யாது எண்டதையும் இப்பயே சொல்லி வைக்கிறன்.

*கேள்வி: கொம்பியூட்டர் இருக்கிற காலத்துல இந்த விதியெல்லாம் எதுக்கு? எல்லா வரிசையையும் போட்டுப் பாத்து நல்லத எடுத்தாச் சரிதானே? (மாணவன், ஒலுவில்)*

போட்டுப் பாருங்க தம்பி. 10 வேலை 10 மெஷின் எண்டு வைங்க, ஒரு மெஷின்ல 10 வேலைய 36,28,800 விதமா அடுக்கலாம், பத்து மெஷினுக்கும் சேத்துப் பெருக்கினா 4க்குப் பின்னால கிட்டத்தட்ட 65 சைபர். அதுக்குள்ள கனக்க நடக்கவே ஏலாத வரிசைதான், எண்டாலும். ஃபிஷரும் தொம்சனும் 1963ல இப்பிடி ஒரு பத்துக்குப் பத்து கணக்க வெளியிட்டாங்க, பாத்தா ஒரு பக்கம் காணாது, ஆனா எல்லா வேலையும் முடிய ஆகக் குறைஞ்ச நேரம் 930 அலகு, அதுக்குக் குறைய ஏலாது எண்டு கார்லியேயும் பின்சனும் நிறுவின வருசம் 1989. 26 வருசம். இண்டைக்கு லப்டொப்ல ஓடுற சொல்வர் (விடை தேடுற புரோகிராம்) அத கெதியா முடிச்சிரும், அது உண்மை. ஆனா தொழிற்சாலையில நீங்க போட்ட திட்டம் தேத்தண்ணி இடைவேளைக்குள்ளயே பழசாயிரும், ஒரு டூல் உடையும், ஒரு அவசர ஓடர் வரும். அதால மெஷின் ஃப்ரீ ஆகுற நேரம் வரிசையில நிக்கிறதுல ஆகக் குறைஞ்ச நேரம் எடுக்கிறத எடு, இல்லாட்டி தவணை கிட்டினத எடு எண்ட மாதிரி ஒற்றை வரி விதிகள் இப்பவும் சாகல்ல.

*கேள்வி: கணக்கு வராதவன் இந்தத் துறைக்கு வரலாமா? (வாழைச்சேனை)*

கூட்டல் பெருக்கல் வருமா? வாங்க.

*கேள்வி: எங்கட புரொஜெக்ட்ல ஒரு சின்ன ரோபோக் கை, ஒரு மெஷின். அப்பப்ப ரெண்டும் அப்பிடியே நிண்டுருது. எரர் ஒண்டும் வரல்ல. புரோகிராம்ல பிழையும் தெரியல்ல. (மாணவர் குழு, கல்லடி)*

கல்லடியில இருந்துகொண்டு இதக் கேக்கிறீங்களே! 2013ல புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் உங்கட ஊர் லேடி மனிங் பாலத்துல ஒரு பக்கம் வாகனம் போனா மற்றப் பக்கம் நிக்கணும், உங்கட வாப்பா அப்பாமாரக் கேளுங்க. நடுப்பாலத்துல ரெண்டு லொறி மூஞ்சிக்கு மூஞ்சி நிண்டா எப்பிடி, அதுதான் உங்கட ரோபோவும். ஒரு இடத்துல ஒண்டுதான் நிக்கலாம், நிக்கிற இடத்த விடாமலே அடுத்த இடத்தக் கேக்குது, ஆரும் தூக்கி அங்கால வைக்க ஏலாது, ஒண்ட ஒண்டு பாத்து வட்டமாக் காத்திருக்கு. இந்த நாலும் ஒண்டா வந்தாத்தான் முட்டுக்கட்டை விழும் எண்டு கொஃப்மனும் வேற ரெண்டு பேரும் 1971ல எழுதினாங்க. நாலுல ஒண்ட உடைச்சாப் போதும்.

எனக்கும் இது நடந்திருக்கு. வெளிநாட்டுல ஒரு தொழிற்சாலையில ராவு ஷிஃப்ட், ரோபோ புது இரும்புத் துண்டக் கையில பிடிச்சுக்கொண்டு மெஷின்ட கதவடியில நிக்குது, மெஷினுக்குள்ள வெட்டி முடிஞ்ச துண்டு ரோபோ வந்து எடுக்கட்டும் எண்டு கிடக்குது. சிவப்பு லைட் எரியல்ல, ஏனெண்டா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, ரெண்டும் மற்றவனுக்காகக் காத்திருக்கு. விடியத்தான் கண்டம். ஏச்சு விழுந்தது எனக்கு.

பிடிக்கிற வழி, கலண்டர்த் தாள் பின்பக்கமும் ஒரு கை புளியங்கொட்டையும். 'ரோபோ சும்மா' எண்டு ஒரு வட்டம், 'மெஷின் காலி' எண்டு ஒரு வட்டம், ரெண்டுலயும் ஒவ்வொரு கொட்டை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கோடு, கோட்டுக்கு அம்புக்குறி வாற வட்டம் எல்லாத்துலயும் கொட்டை இருந்தா மட்டும்தான் அந்தச் செயல் நடக்கும், நடந்தா அந்த வட்டங்கள்ல ஒவ்வொரு கொட்டைய எடுத்து, கோட்டுல இருந்து அம்புக்குறி போற வட்டங்கள்ல வைக்கணும். கார்ல் அடம் பெட்ரி எண்ட ஜெர்மன்காரர் 1962ல தன்ட டொக்டர் பட்ட ஆய்வுல குடுத்த யோசனை, பெட்ரி வலை எண்டு சொல்லுவாங்க. இப்ப உங்கட புரோகிராம ஓட்டுங்க. ரோபோ துண்ட எடுக்கக்குள்ள 'ரோபோ சும்மா' கொட்டைய மட்டும் எடுக்குது. அந்த நேரம் மெஷினுக்குள்ள பழைய துண்டு இருந்தா 'மெஷின் காலி'ல கொட்டை இல்ல, வெளிய எடுக்க ரோபோக் கொட்டையும் இல்ல, எந்தக் கோடும் அசையாது. திருத்தம் ஒரே ஒரு அம்புக்குறிதான், 'மெஷின் காலி' வட்டத்துல இருந்து துண்ட மெஷினுக்குள்ள வைக்கிற கோட்டுக்குப் போற அம்புக்குறிய அழிச்சுப்போட்டு, அத துண்ட எடுக்கிற கோட்டுக்குக் கீறுங்க. ரெண்டு கொட்டையும் இருந்தாத்தான் கை நீட்டலாம். இதால ரோபோ போய் வாற வரைக்கும் மெஷின் கொஞ்சம் சும்மா நிக்கும், அது பிடிக்காட்டி பக்கத்துல ஒரு துண்டு வைக்க சின்னத் தட்டு அடிச்சுக் குடுங்க.

*கேள்வி: மில்லுல ஊறல் தொட்டி 4, பொயிலர் ஒண்டு, டிரையர் ஒண்டு. அறுவடை நேரம் டிரையர் 95 வீதம் ஓடுது, ஆனாலும் நெல்லு தேங்குது, ஊறினது நாறிப் போகுது. இன்னொரு டிரையர் வாங்கவா? (மில்லுக்காரர், சம்மாந்துறை)*

95 வீதம் எண்டதப் பெருமையா எழுதியிருக்கீங்க, நோயே அதுதான் ஐயா. வாறதும் முன்னப்பின்ன, வேலை நேரமும் முன்னப்பின்ன எண்டா ஆக எளிமையான கியூக் கணக்கு இப்பிடிப் போகும்: ஒரு தொட்டி நெல்லுக் காய 6 மணித்தியாலம் எண்டா, டிரையர் பாதி நேரம் ஓடக்குள்ள காத்திருப்போட சேத்து 12, 80 வீதத்துல 30, 90ல 60, 95ல 120. அஞ்சு நாள்! உங்கட மில்லு அவ்வளவு தாறுமாறு இல்ல, அதால இவ்வளவு வராது, ஆனா வளைவு அதேதான், கடைசி அஞ்சு வீதத்துக்குத்தான் மூக்கப் பிடிக்க வேண்டியிருக்கு. டிரையர் வாங்கலாம், காசு இருந்தா. அதுக்கு முதல் லொறிகள் எல்லாம் ஒரே பின்னேரத்துல வராமப் பாத்தீங்க எண்டாலே நல்லாக் குறையும்.

நாறுறதுக்கு வேற கணக்கு. வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானைய நினைச்சுப் பாருங்க, அவரால துருச (வாய்க்கால் மதகு) திறக்கலாம், மூடலாம், மழைய நிப்பாட்ட ஏலாது. டொரொண்டோ பல்கலைக்கழகத்துல ரமாட்ஜும் வொன்ஹமும் 1980கள்ல கட்டின கட்டுப்பாட்டுக் கோட்பாடும் இப்பிடித்தான் தொடங்குது, நடக்கிறதுகள ரெண்டாப் பிரி, நம்மளால தடுக்கக் கூடியது ஒரு பக்கம், ஏலாதது ஒரு பக்கம். தொட்டிக்குத் தண்ணி விடுறது உங்கட கையில. நெல்லு ஊறி முடியிறது உங்கட கையில இல்ல. கரண்ட் போறதும் இல்ல. ஊறி முடிஞ்ச பொறகு இடம் தேடுறதுல பிரயோசனம் இல்ல, தண்ணி விட முதல் தடுக்கணும், அங்கதான் உங்களுக்கு அதிகாரம் இருக்கு.

செய்ய வேண்டியது இது. தகரத்துல ரெண்டு துண்டு வெட்டி ஓட்டை போட்டு டிரையருக்குப் பக்கத்துல ஆணியில தொங்க விடுங்க. தொட்டிக்குத் தண்ணி திறக்கிற பெடியன் ஒரு தகரத்தக் கழட்டி அந்தத் தொட்டியில மாட்டணும், அந்த நெல்லு பொயிலரால போய் டிரையர்ல இருந்து வெளிய வந்தாத்தான் தகரம் திரும்ப ஆணிக்கு வரும். ஒரு போகம் ரெண்டோட ஓட்டிப் பாருங்க, டிரையர் நெல்லில்லாம நிக்குது எண்டா மூணாக்குங்க, ஊறல் மணக்கத் தொடங்கினா திரும்ப ரெண்டு. நாலு தொட்டி இருக்கே, ரெண்டு சும்மா கிடக்குதே எண்டு மனசு அடிச்சுக்கும், கிடக்கட்டும். பெரிய வயல்காரப் போடியார் லொறியோட வந்து வாசல்ல நிண்டு சத்தம் போட்டாலும் ஆணியில தகரம் இல்லாட்டி தண்ணி இல்ல, அவருக்கு ஒரு தேத்தண்ணி குடுத்து இருக்கச் சொல்லுங்க.