ஐந்தாம் வகுப்பு படித்த அம்மா போதுமா?

குழந்தை வளர்ப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நானும் கணவரும் விசைத்தறி வேலைக்குப் போகிறோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மூன்றரை வயது மகன் அங்கன்வாடிக்குப் போகிறான். எதிர்வீட்டுப் பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்து ஏ பி சி டி முழுவதும் சொல்கிறது. கடன் வாங்கியாவது மகனையும் அங்கே சேர்த்துவிடலாமா? அல்லது வீட்டில் நானே சொல்லித்தர முடியுமா?
– வாசகி, பள்ளிபாளையம்

பதில்: கடன் வாங்காதீர்கள், மகளே. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ஏ பி சி டி சொல்லும் அந்தப் பிள்ளையிடம், "உன் செருப்பை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு வேலையையும் வரிசை மாறாமல் செய்தால் கெட்டிக்காரப் பிள்ளைதான். செருப்பை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டால், எழுத்துப் பாட்டு மட்டும் பாடமாகியிருக்கிறது என்று பொருள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு வேண்டியது முதல் வகைப் பிள்ளை. சொன்னதைக் கேட்டுச் செய்ய வேண்டும். பசித்தால், சிறுநீர் வந்தால் வாய்திறந்து சொல்ல வேண்டும். ஒரு கதை முடியும்வரை உட்கார வேண்டும். பெரியது சிறியது, மேலே கீழே, முன்னே பின்னே புரிய வேண்டும். இவ்வளவையும் வீட்டில்தான் கற்க முடியும், அதுவும் பேச்சில்தான்.

ஐந்தாம் வகுப்புதானே என்று தயங்குகிறீர்கள். இஸ்தான்புல் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் 1982இல் சிகதெம் காட்சிபாஷி என்ற உளவியல் அறிஞர் ஒரு திட்டம் தொடங்கினார். அதில் சேர்ந்த தாய்மார்களில் பெரும்பாலோர் தொடக்கப்பள்ளியோடு நின்றவர்கள். அன்றைய துருக்கியில் தொடக்கப்பள்ளி என்றால் ஐந்து வருடம். உங்கள் படிப்பேதான்! ஆலை வேலைக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தது குழந்தைகளுக்கு அல்ல, தாய்மார்களுக்கு. சில வருடங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற தாய்மார்களின் பிள்ளைகளில் 86 சதவீதம் பேர் படிப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். பயிற்சி பெறாதவர்களின் பிள்ளைகளில் 67 சதவீதம் பேர்தான். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் மறுபடி தேடிப்போய்ப் பார்த்தார்கள். பயிற்சியோ, நல்ல பாலர் பள்ளியோ, இரண்டில் ஒன்றாவது கிடைத்தவர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். வேலைக்கும் தாமதமாகத்தான் போயிருந்தார்கள். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: பயிற்சிக்குப் போன பெண்களின் பேச்சுக்கு அவர்கள் வீட்டிலேயே மதிப்புக் கூடியிருந்தது. பிள்ளைக்கென்று போனார்கள், தங்களுக்கும் சேர்த்துச் சம்பாதித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்கு அப்படி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதானே கேட்பீர்கள்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. தினமும் கால் மணி நேரம் குழந்தையோடு உட்கார வேண்டும். படம் பார்க்க வேண்டும், கதை சொல்ல வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றுதான் நமக்கு வராது. "இது என்ன?" என்று கேட்ட வாயை மூடுவதற்குள் "காக்கா" என்று நாமே சொல்லிவிடுவோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நாளெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்கிறவருக்கு வீட்டுக்கு வந்ததும் பேசவே பிடிக்காது, எனக்குத் தெரியும். அதனால் தனியாகப் பாடநேரம் வைக்காதீர்கள். துணி மடிக்கும்போது அப்பா சட்டை எது, தம்பி சட்டை எது என்று அவன் பிரிக்கட்டும். தறிக் கழிவு நூல் கையில் இருந்தால் நிறம் நிறமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இட்லி வைக்கும்போது "எத்தனை?" என்று கேளுங்கள். "நிறைய" என்பான். "நிறைய என்றால் இரண்டா, நான்கா? நீயே எண்ணி வை" என்று தட்டை அவன் பக்கம் நகர்த்துங்கள். பட்டாணி உரிக்கவும் கொத்தவரங்காய் ஒடிக்கவும் விடுங்கள். பென்சில் பிடிக்கும் விரலுக்கு வலு அதில்தான் வரும்.

அங்கன்வாடியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சத்தான சாப்பாடு கொடுத்தால் மூளை தானாக வளராதா? விளையாட்டுக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா?
– வாசகி, தேனி

பதில்: வேலையில் இருந்த காலமெல்லாம் குழந்தைகளை எடை போட்டவள் நான். எடை அட்டையில் கோடு ஏறினால் எனக்கு வரும் சந்தோஷத்துக்கு அளவே இருக்காது. சாப்பாட்டைக் குறைத்துப் பேசுவேனா? ஆனாலும் ஜமைக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1980களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரில், வயதுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகளை சாலி கிரந்தம் மெக்ரிகர் என்ற மருத்துவரின் குழு எடுத்துக்கொண்டது. எல்லாரும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவில், சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் உண்டு, நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டு வருடம். பாலின் பலன் போகப்போக மங்கிவிட்டது. விளையாட்டின் பலன் நின்றது. 22 வயதில் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி கிடைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது என்று நினைக்க வேண்டாம். காலி டப்பா, புட்டி மூடி, துணித்துண்டு போன்றவற்றால் செய்தவைதான். ஒன்றை வீட்டில் விட்டுப்போவார்கள், அடுத்த முறை வேறொன்றை மாற்றிக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டிலும் கொட்டாங்குச்சியும் மூடிகளும் இருக்கும். புளியங்கொட்டையும் சின்ன மணியும் மட்டும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கையில் வேண்டாம். மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். தாய்மார் கூட்டம் போட்டால் நான்கு பேர் வருகிறார்கள், அவர்களும் பாதியில் எழுந்து போகிறார்கள். பதிவேடு எழுதவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது. இதில் அம்மாக்களுக்குப் பயிற்சியும் நான்தான் கொடுக்க வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. நம் மாநிலத்தில் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் சிலவற்றில் முன்பருவக் கல்விக்கென்று கூடுதலாக ஒருவரை அரை நாள் வேலைக்கு வைத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். ஆள் பற்றாக்குறை என்று நாம் புலம்பியது வெறும் புலம்பல் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கூட ஓர் ஆள் வரும்வரை என்ன செய்வது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்றால், நாம் பிரசங்கம் செய்கிறோம். பச்சைக்காய்கறி, கைகழுவுதல், தடுப்பூசி என்று அவர்களுக்கே மனப்பாடமானதைத் திருப்பிச் சொல்கிறோம். அதை விட்டுவிட்டு நடிக்கச் சொல்லுங்கள். 1969இல் இஸ்ரேலில் அவிமா லொம்பார்ட் என்ற கல்வியாளர் இதே போன்ற வீட்டுவழித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதிகம் படிக்காத, வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய தாய்மார்களுக்கான திட்டம். பயிற்சி கொடுக்கப் பட்டதாரிகளைத் தேடிப் போகவில்லை. அதே தெருவில் குழந்தை வளர்க்கும் இன்னொரு தாயை அனுப்பினார்கள். ஒருவர் தாயாகவும் மற்றவர் குழந்தையாகவும் நடித்துப் பாடத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். அப்புறம்தான் அந்தத் தாய் தன் பிள்ளையோடு உட்காருவார்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மையத்தில் இதை நான் செய்து பார்த்தேன். ஒரு பெண்ணைக் குழந்தையாக உட்காரவைத்தோம். தாயாக நடித்தவர் பூனைப் படத்தைக் காட்டி, "இது என்ன? சொல்லு. சொல்லேன். வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று உலுக்கினார். கூடம் முழுக்கச் சிரிப்பு. குழந்தையாக இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "தெரிந்த பதில்கூட எனக்கு வரவில்லை அக்கா. என் பையனும் இப்படித்தான் முழிக்கிறான்" என்றார். அதன்பிறகு நான் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர்களே இடம் மாறி மாறி உட்கார்ந்து அதே படத்தை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள்.

இதற்குப் பதிவேடு கிடையாது, நிம்மதியாகச் செய்யலாம். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் கூட்டத்தை மாலையில் வையுங்கள். நன்றாகப் பேசும் ஒரு தாயைக் கண்டுபிடித்து அடுத்த முறை அவரையே நடத்தச் சொல்லுங்கள். உங்களுக்கும் சுமை குறையும்.

கேள்வி: பேத்திக்கு இரண்டரை வயது. மருமகள் நான்கு கோட்டு நோட்டு வாங்கிவந்து அ, ஆ எழுதச் சொல்கிறாள். எழுதாவிட்டால் அடி விழுகிறது. நான் தடுத்தால் சண்டை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அக்கா, நோட்டை ஒளித்துவையுங்கள். (மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடலாம், பரவாயில்லை.) இரண்டரை வயது விரலுக்கு அந்தக் கோட்டுக்குள் நிற்க வராது. அடித்தால் எழுத்து வராது, எழுத்தின் மேல் பயம்தான் வரும். மணலிலோ, ஈரமான சுவரில் சுண்ணாம்புக் கட்டியாலோ தன் இஷ்டத்துக்குக் கிறுக்கட்டும். மருமகளும் பயத்தில்தான் செய்கிறார், கெட்ட எண்ணத்தில் இல்லை. ராத்திரி நீங்கள் கதை சொல்லும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் அம்மா, அம்மா என்றே எழுதுகிறீர்கள். நான் பஸ் கண்டக்டர். அப்பாவுக்கு இதில் வேலை கிடையாதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: உண்டு தம்பி. கேட்டதற்கு நன்றி, இதுவரை எந்த அப்பாவும் கேட்டதில்லை. துருக்கிக்காரர்களும் பிறகு அப்பாக்களுக்கென்று தனிப் பயிற்சி தொடங்கினார்கள். உங்கள் தொழிலில் எண், காசு, ஊர்ப்பெயர், வரிசை எல்லாமே இருக்கின்றன. விடுமுறை நாளில் நான்கு நாற்காலியை வரிசையாகப் போடுங்கள். சாத்தூர், கோவில்பட்டி என்று ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு விசிலைப் பையனிடம் கொடுங்கள். அவன் கண்டக்டர், நீங்கள் பயணி. பழைய டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு உங்களை முன்னால் ஏறச் சொல்வான், ஏறுங்கள். மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.