பின்னங்கால் செயலிழந்த பூனைக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் பூனைக்கு இரண்டு வயது. நான்கு மாதங்களுக்கு முன் பைக் மோதியதில் பின்னங்கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி சிறுநீரை நாங்களே அழுத்தி எடுக்கிறோம். பால் சோறு வைத்தால் வயிற்றுப்போக்கு. கறி மட்டும் வைத்தால் மூன்று நாள் மலச்சிக்கல். ரத்தம் ஊறட்டும் என்று மாமியார் தினமும் ஈரல் வாங்கச் சொல்கிறார். உடம்பும் பெருத்துக்கொண்டே போகிறது. எதைத்தான் கொடுப்பது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: சகோதரி, நான்கு மாதங்களாக இதைச் செய்துவரும் உங்கள் வீட்டாருக்கு முதலில் என் வணக்கம். பலர் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுகிறார்கள்.

எந்த உணவு இவளுக்கு ஒத்துக்கொள்கிறது என்பதை இவளுடைய மலத்தையும் சிறுநீரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆசையாகச் சாப்பிடுகிறாள் என்பது போதாது. முதுகெலும்பில் அடிபட்டால் முக்கி வெளியேற்றும் வலு குறைந்துவிடும். அதனால் உள்ளே போவது இளக்கமாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். கழிசலாகவும் ஆகிவிடக் கூடாது.

பாலை இன்றே நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை. நடக்கிற பூனை கழிந்தாலும் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். இவளோ அந்த ஈரத்திலேயே இழுத்துக்கொண்டு போவாள். தோல் புண்ணாகும், வெயில் காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். இப்படிப் புழுத்த புண்ணோடு வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னும் பிராணி. அதன் இதயத்துக்கும் கண்ணுக்கும் தேவையான டாரின் என்ற சத்து அரிசியிலும் பருப்பிலும் கிடையாது. கோழியில் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் இதயத்திலும் அது அதிகம். தோலையும் எலும்பையும் நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்து வையுங்கள். டாரின் வேகும் நீரில் இறங்கிவிடும் என்பதால் அதைக் கொட்டக் கூடாது. பவானிசாகர் அணை மீன் கிடைத்தால் முள் நீக்கி வேகவைத்துக் கொடுக்கலாம். பச்சையாக வேண்டாம், கருவாடும் வேண்டாம். நம் வீட்டு அரிசியும் பருப்பும் சாதத்தில் மீந்ததை ஒரு வாய்கூட வைக்காதீர்கள். அதிலுள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும்.

ஆனால் வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் எலும்பு மெலிந்துவிடும். ஆகவே வீட்டுச் சமையலை மட்டும் நம்பச் சொல்லமாட்டேன். உறையில் ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று அச்சிட்ட, வளர்ந்த பூனைகளுக்கான உணவே பாதிக்கு மேல் இருக்கட்டும். ஈர உணவு விலை கூடுதல் என்றால், உலர் உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுங்கள். உலர் உணவில் நீர் பத்தில் ஒரு பங்குதான். அப்படியே கொடுத்தால் மலம் இறுகும், சிறுநீரும் அடர்ந்துபோகும். புதிய உணவை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டி மாற்றுங்கள்.

மலச்சிக்கலுக்கு அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) நல்லது. வேகவைத்து மசித்து, ஒரு வேளை உணவில் ஒரு டீஸ்பூன். நீர் குறைவாக இருக்கும்போது அதிலுள்ள நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் அடைப்பு மோசமாகும் என்பதால் அளவு மீற வேண்டாம். இரண்டு நாள் மலம் வராவிட்டால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கலங்கி நாற்றம் வீசினாலும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் அப்படியே. பருத்த பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து.

இளைக்க வைப்பதற்காகத் திடீரென்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். இவளுடைய முழு எடையையும் இப்போது முன்னங்கால்கள்தான் இழுக்கின்றன. குறைக்கத்தான் வேண்டும், ஆனால் மெல்ல. நான்கு கிலோ பூனை ஓடியாடாமல் இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். ஒரு முட்டையிலேயே 70 போய்விடும். வாரம் ஒரு முறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள்.

உங்கள் மாமியார் அன்பால்தான் ஈரல் என்கிறார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: தினமும் ஈரல் தின்றால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். இவளிடம் மிச்சமிருப்பது முன்னுடம்பு ஒன்றுதான். வாரம் ஒரு நாள், கட்டைவிரல் நுனி அளவு போதும். அதை அவர் கையாலேயே ஊட்டட்டும்.

சாப்பாட்டுக்கு முன்பே சிறுநீரை எடுத்துவிடுங்கள்; வயிறு நிறைந்தபின் அழுத்தினால் வாந்தி எடுக்கலாம். அகலமான, தாழ்ந்த தட்டில் வையுங்கள். அவள் முன்னங்கால்கள் வழுக்காமல் இருக்கத் தரையில் ஒரு சாக்கை விரியுங்கள், இடுப்புக்குப் பக்கத்தில் துண்டைச் சுருட்டி அண்டக்கொடுங்கள்.