மகளின் எடை – கடிதமும் பதிலும்

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. ஒரு வருசமாக நல்லாய் உடம்பு வைத்துவிட்டாள். கோயிலில் காணும் சொந்தக்காரர்கள் அவளுக்கு முன்னாலேயே “என்ன பிள்ளை இப்படிக் கொழுத்துப்போனாள்” என்று கேட்கிறார்கள். போனில் உயரத்தையும் எடையையும் போட்டுப் பார்த்தேன், ‘மேலதிக எடை’ என்று காட்டியது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி இரண்டு கிரீம் கிராக்கர் மட்டும் கொடுக்கிறேன். எடை குறையவில்லை, என்னோடு கதைப்பதைத்தான் குறைத்துவிட்டாள். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்பின் தங்கைக்கு,

அந்தக் கிராக்கரை இன்றிரவே நிறுத்துங்கள். வீட்டில் எல்லாரும் பிட்டும் சூடைமீன் குழம்பும் சாப்பிட, ஒரு பிள்ளை மட்டும் இரண்டு பிஸ்கட்டோடு இருந்தால் அது அவளுக்குத் தண்டனையாகத்தான் தெரியும். பசியோடு படுத்தவள் அடுத்த நாள் பள்ளிக்கூடக் கன்ரீனில் ரோல்ஸ் வாங்கித் தின்றால் அவளில் என்ன பிழை? இந்த வயதில் சாப்பாட்டைக் கடுமையாகக் குறைக்கிற பிள்ளைகளுக்கு, ஒளித்துச் சாப்பிடுவது, அளவில்லாமல் சாப்பிட்டு வாந்தியெடுப்பது என்று போகிற ஆபத்து இருக்கிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் கழகம் 2016இல் சொன்னதும் இதுதான்: டயட் வேண்டாம், உடம்பைப் பற்றிய பேச்சு வேண்டாம், குடும்பமாக இருந்து சாப்பிடுங்கள்.

போன் சொன்னதை விடுங்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் உடல் நிறைச் சுட்டெண் (BMI) 25ஐத் தாண்டினால் மேலதிக எடை என்பது வளர்ந்தவர்களுக்கான கணக்கு, அதை வளரும் பிள்ளைக்குப் போடக்கூடாது. 5 முதல் 19 வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் தனி வளர்ச்சி அட்டவணை 2007இலிருந்து இருக்கிறது, அது வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்கும். இந்த வயதில் எடை கொஞ்சம் கூடுவதும் வளர்ச்சியில் ஒரு பகுதிதான். கூடுதலாக இருந்தாலும் பல பிள்ளைகளுக்கு எடையை இறக்கத் தேவையில்லை, ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் வரவரச் சரியாகிவிடும்.

சரி, எதை மாற்றுவது? மகளை அல்ல, வீட்டை. தேத்தண்ணியிலிருந்து தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டி சீனி கிட்டத்தட்ட 4 கிராம். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு நாலு கோப்பை என்றால் 48 கிராம், ஒரு நாள் முழுவதற்கும் போதும் என்று சொல்கிற அளவு தேத்தண்ணியிலேயே முடிந்துவிடுகிறது. சோடாப் போத்தலில் சீனிக்கு நிற அடையாளம் போடுவது இலங்கையில் 2016இலிருந்து நடக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல். அதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள், அப்பாவுக்கும் தம்பிக்கும் சேர்த்துத்தான். பிட்டு இருக்கட்டும், ஆனால் தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும் வரட்டும், மீனைப் பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாக வையுங்கள். ரியூசனுக்குப் போகுமுன் அவித்த கடலையோ பயறோ கொடுத்துவிட்டால் கடைப் பற்றிஸ் தேவைப்படாது.

இன்னொன்று, கோபத்தோடுதான் எழுதுகிறேன். பின்னேரம் டச் பே கடற்கரையில் பந்தடிக்கிற பொடியன்களைப் பாருங்கள், அந்த வயதுப் பெண்பிள்ளைகள் எங்கே? பெரியபிள்ளையானதும் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் மேசை என்று இருத்திவிட்டு, பிறகு ஏன் உடம்பு வைத்தாய் என்று அவளையே கேட்கிறோம். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 60 நிமிட அசைவு வேண்டும். சைக்கிளைத் திருப்பிக் கொடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலில் இறங்கி, கோணேசர் கோயில் வரைக்கும் இரண்டு பேருமாக நடந்து ஏறுங்கள், ஆனால் எடைக்காக நடக்கிறோம் என்று சொல்லாதீர்கள். எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரையும் வேண்டும், அதற்கு இரவில் போன் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், உங்கள் போனும்தான்.

சொந்தக்காரர்களுக்கு, “பிள்ளையின் உடம்பைப் பற்றி அவளுக்கு முன்னால் கதைக்க வேண்டாம்” என்று நேரடியாகச் சொல்லுங்கள், அவள் கேட்கிற மாதிரியே சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

அப்புறம், கழுத்தின் பின்பக்கம் தடித்துக் கறுத்திருந்தாலோ, மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனாலோ, நித்திரையில் பலமாகக் குறட்டை விட்டாலோ டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். மெலிவதற்கென்று விற்கிற தூள், தேத்தண்ணி எதையும் வாங்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது மகள் கொஞ்ச நேரம் தனியாக அவரோடு கதைக்க விட்டு, நீங்கள் வெளியில் இருங்கள்.

அன்புடன்,
அக்கா