அக்குபங்சர் படிக்க எங்கே சேரலாம்?

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு 38 வயது. கரூரில் ஜவுளி யூனிட் ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறேன். அக்குபங்சரில் என் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததைப் பார்த்ததிலிருந்து அதைப் படிக்க ஆசை. மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒன்று ஆறு மாதம், ஞாயிறு மட்டும். இன்னொன்று ஓராண்டு, முழுக்க ஆன்லைன். மூன்றாவது 2 ஆண்டு, தினமும் போக வேண்டும், ஃபீஸும் அதிகம். மூவருமே ‘அரசு அங்கீகாரம்’ என்கிறார்கள். எதில் சேர்வது?
— வாசகி, கரூர்

பதில்: உங்களுக்கு அம்மாவின் முழங்கால், எனக்கு மாமியாரின் தோள்பட்டை. நான் சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான், மூன்றே மாதம். உடம்பில் ஊசி போடும் புள்ளிகளின் பெயர்களை நோட்டில் எழுதினோம், சோப்புக் கட்டியில் ஊசி குத்திப் பழகினோம், சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். உயிருள்ள உடம்பில் நான் முதன்முதலாக ஊசி போட்டது என் வீட்டு முன்னறையில். பக்கத்தில் ஆசிரியர் இல்லை.

நான்காவதாக வந்தவர் பால்காரர். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்தே ஊசி போட்டேன். இரண்டு நிமிடத்தில் வியர்த்து, முகம் வெளுத்துச் சரிந்துவிட்டார். ஊசிகளை உடனே எடுக்க வேண்டும், படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு நர்ஸ் ஓடிவந்து பார்த்துக்கொண்டார். அன்றோடு ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மூத்த மருத்துவரிடம் இரண்டு ஆண்டு உதவியாளராக இருந்து முதலிலிருந்து கற்றேன்.

அதனால் மூன்று இடத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க, எத்தனை நோயாளிகளுக்கு நானே ஊசி போடுவேன்? நம் ஊரில் அக்குபங்சர் என்ற பெயரில் நடக்கும் பல வகுப்புகளில் ஊசியே கிடையாது, விரலால் தொடுவது மட்டும்தான். நீங்கள் கற்க விரும்புவது எது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருத்துவம் படிக்காதவர்களுக்கு 2 ஆண்டு, 2500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. மருத்துவம் படித்த டாக்டருக்கே குறைந்தது 200 மணி நேரம். ஆறு மாத ஞாயிறு என்றால் 26 நாள். நாளுக்கு 6 மணி என்று வைத்தாலும் 156 மணி நேரம்தான் வரும். டாக்டருக்குச் சொன்னதைவிடக் குறைவு!

இவ்வளவு நேரம் எதற்கு என்று தோன்றலாம். தோளின் மேல்பகுதியில் ஜியான்ஜிங் என்று ஒரு புள்ளி. கழுத்து வலிக்கு அடிக்கடி போடுவோம். அதற்கு அடியில்தான் நுரையீரலின் உச்சி. மெலிந்த உடம்பில் கொஞ்சம் ஆழம் கூடினால் நுரையீரல் குத்துப்பட்டு மூச்சுத்திணறல் வரும். உங்கள் அம்மாவுக்கும் போட்டிருக்கக்கூடிய ஜூசான்லி, முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி, முன்னெலும்புக்கு வெளிப்புறம் ஒரு கட்டைவிரல் அகலத்தில் இருக்கிறது. நோயாளியின் விரலால் அளக்க வேண்டும், நம் விரலால் அல்ல. ஊசி சரியாக இறங்கியதும் ஒரு கனம், ஒரு மதமதப்பு வரும். அதைக் கைப்பழக்கத்தில்தான் உணர முடியும். ஆகவே ஆன்லைன் வேண்டாம்.

‘அரசு அங்கீகாரம்’ விஷயத்துக்கு வருகிறேன். மத்திய சுகாதார அமைச்சகம் 2003இலும் பிறகு 2019இலும் ஆணைகள் வெளியிட்டது. அவை அக்குபங்சர் என்ற சிகிச்சை முறையைப் பற்றியவை. அதைக் காட்டி எந்த நிறுவனமும் தன் டிப்ளமோவுக்கு அங்கீகாரம் என்று சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் அக்குபங்சருக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் சர்டிஃபிகேட்டை யார் தருகிறார்கள், அதை வைத்து எங்கே பதிவு செய்ய முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

என் யோசனை: இரண்டு ஆண்டுப் படிப்புதான். ஆனால் வேலையை விடுவதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டு அவர்களுடைய கிளினிக்கில் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் புது ஊசிப் பாக்கெட் பிரிக்கிறார்களா, பயன்படுத்திய ஊசியைப் போட வெள்ளைப் பெட்டி இருக்கிறதா என்று கவனியுங்கள். சர்க்கரை நோயாளியிடம் “இன்சுலினை நிறுத்திவிடுங்கள்” என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்டால், அப்புறம் எவ்வளவு குறைந்த ஃபீஸ் என்றாலும் அங்கே சேராதீர்கள்.

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். குறுகிய காலப் பயிற்சி போதுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: உடற்கூறு தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு நேரம் மிச்சமாகும். கைப்பயிற்சியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு ஹெகு, சான்யின்ஜியாவ் ஆகிய புள்ளிகளைத் தவிர்ப்பது போன்ற எச்சரிக்கைகளை எந்த வகுப்பு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறதோ, அதை முதலில் விசாரியுங்கள்.