தன்னையே வெட்டும் ஆர்என்ஏவைப் படம் பிடிப்பது எப்படி?

கேள்வி: ரிபோசைம் என்பது நொதி போல வேலை செய்யும் ஆர்என்ஏ, சிலது தன்னையே வெட்டிக்கொள்ளும் என்று படித்தேன். அப்படியானால் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் பார்ப்பதற்குள் அது துண்டாகிவிடாதா?

பதில்: துண்டாகத்தான் செய்யும். அதனால் கத்தியை மழுக்கிவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள்.

அந்தக் கத்தி எது என்றால், ஆர்என்ஏவின் ஒவ்வொரு சர்க்கரையிலும் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த குழு), டிஎன்ஏவில் அது கிடையாது. ஹாமர்ஹெட் என்ற, தன்னையே வெட்டும் சின்ன ரிபோசைமில் வெட்டு விழும் இடத்து ஹைட்ராக்சிலின் ஆக்சிஜன் பக்கத்துப் பாஸ்பரஸைத் தாக்கும், சங்கிலி அறும். 1994-ல் மெக்கே குழு வெட்டுப்படும் இழையையே டிஎன்ஏவாக வைத்துப் படம் எடுத்தது. 1995-ல் ஸ்காட், ஃபின்ச், க்ளக் மூவரும் எல்லாம் ஆர்என்ஏவாகவே வைத்து, அந்த ஒரே ஒரு ஹைட்ராக்சிலில் மட்டும் மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட குழு) மாட்டி, அதன் ஆக்சிஜன் தாக்க முடியாமல் செய்துவிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட எழுத்தில் (ஆர்என்ஏ சங்கிலியின் ஒரு கண்ணியில்) மட்டும் இப்படிக் கை வைக்க, ஆர்என்ஏவை வேதியியல் முறையில் ஒவ்வொரு எழுத்தாகக் கோப்பதுதான் நேரான வழி.

அதுவும் லேசான வேலை இல்லை. அதே ஹைட்ராக்சில்தான் இங்கேயும் தொல்லை, மூடி போட்டு வைக்காவிட்டால் செய்யும்போதே சங்கிலியை அறுத்துவிடும், அந்த மூடியையும் கடைசியில் பக்குவமாகக் கழற்ற வேண்டும். அப்புறம் விளைச்சல் கணக்கு: ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் வெற்றி என்றாலும் 50 எழுத்து முடியும்போது முழு நீளத்தில் தேறுவது சுமார் 61 சதவீதம், 98 என்றால் வெறும் 37. அதனால் நீளமானவற்றைத் துண்டுகளாகச் செய்து ஒட்டுகிறார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஹாமர்ஹெட்டின் நடுப்பகுதியில் ஜி8, ஜி12 என்று எண்ணிட்ட இரண்டு ஜி (குவானின்) எழுத்துகளில் சின்ன மாற்றம் செய்தாலே வெட்டு நின்றுபோகிறது என்று வேதியியல் சோதனைகள் சொல்லிக்கொண்டிருந்தன, படிகத்திலோ அவை வெட்டும் இடத்தைவிட்டுத் தள்ளி நின்றன. யார் சொல்வது சரி என்ற இந்த வாக்குவாதம் பல வருடம் ஓடியது. 2006-ல் மார்ட்டிக்கும் ஸ்காட்டும் சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவின் முழு நீள ஹாமர்ஹெட்டைப் படிகமாக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. முன்பு எடுத்தவை குட்டி வடிவங்கள், தூரத்து வளைவுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பகுதி அவற்றில் இல்லை. அந்தப் பிடி இருந்தால்தான் நடுப்பகுதி இறுகி, இரண்டு ஜி-க்களும் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வருகின்றன. சோதனைகள் சொன்னது சரிதான். அந்த 2006 படிகத்திலும் வெட்டைத் தடுத்து நிறுத்தியது அதே மெத்தில்தான்.