விசுவாசத்துக்காக எல்லாரும் எதிர்க்கும்போது ஜெபமும் ஆராதனையும் மட்டும் போதுமா?

கேள்வி கேட்டவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு ஒரு வருடம் ஆகிறதாம். வீட்டில் ஒருவர்கூட அவர் பக்கம் இல்லை. சபையில் கேட்டால் "ஜெபியுங்கள், துதியுங்கள்" என்கிறார்கள். அதனால் உண்மையில் என்னதான் நடக்கும் என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு 11 வருட அனுபவம் உண்டு. அதில் முதல் நான்கு வருடம் ஜெபத்தைத் தப்பாகப் பயன்படுத்திய அனுபவம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் விசுவாசத்துக்கு வந்ததும் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் நிறுத்தவில்லை, அதுதான் பிரச்சினை. தினமும் ஏதாவது ஒரு சண்டை. நானும் ஜெபித்தேன், மணிக்கணக்கில். என்ன ஜெபம் தெரியுமா? 109-ஆம் சங்கீதத்தை அண்ணனை மனதில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். எதிரியின் நாட்கள் குறையட்டும், அவன் உத்தியோகம் வேறொருவனுக்குப் போகட்டும் என்று வருமே, அந்தப் பகுதி. அண்ணனுக்கு வேலை போனால் முதலில் கஷ்டப்படப்போவது அம்மா என்பது எனக்கு உறைக்கவே இல்லை. 'சத்துரு' என்ற வார்த்தை கையில் கிடைத்துவிட்டால் அப்படித்தான், யார் நெற்றியில் வேண்டுமானாலும் ஒட்டிவிடத் தோன்றும்.

ஒருநாள் இரவு குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் நீளமாக ஒன்று எழுதினார். எல்லா உறவுகளும் படிக்கிற இடம். நான் உடனே வசனங்களை அடுக்கிக் காரசாரமாக ஒரு பதில் தயார் செய்துவிட்டேன். அனுப்பும்முன் யூதாவின் ராஜா எசேக்கியா ஞாபகத்துக்கு வந்தார். அந்த வாரம்தான் வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 19-ஐ வாசித்திருந்தேன், வேறு காரணம் இல்லை.

கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் புகுந்து பட்டணம் பட்டணமாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமில் அடைத்து வைத்ததாகவும் அவனுடைய சுடுமண் பதிவுகளில் அவனே பெருமை அடித்திருக்கிறான். வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவன் அனுப்பிய மிரட்டல் கடிதத்தை எசேக்கியா வாசிக்கிறார், ஆலயத்துக்கு எடுத்துப்போகிறார், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைக்கிறார். அப்புறம் அவர் செய்யும் ஜெபத்தில் ஒரு வரி இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அசீரிய ராஜாக்கள் தேசங்களைப் பாழாக்கியது உண்மைதான் என்று ஒத்துக்கொள்கிறார். எதிரியின் கடிதத்தில் எது நிந்தனையோ அதைச் சுட்டிக்காட்டுவதோடு நிற்காமல், எது உண்மையோ அதையும் உண்மை என்று தேவனிடம் சொல்லிவிடுகிறார்.

சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று செல்போனைக் கட்டில்மேல் வைத்து முழங்காலில் நின்று, அண்ணன் எழுதியதை வார்த்தை விடாமல் சத்தமாக வாசித்தேன். மனதுக்குள் படித்தபோது எல்லாமே வசவாகத் தெரிந்தது. வாய்விட்டு வாசித்தபோது நடுவில் ஒரு வரியில் குரல் நின்றுவிட்டது. "அம்மா ஆபரேஷன் அன்னைக்கு நீ எங்க இருந்த? உன் கூட்டத்துல இருந்த."

உண்மைதான். அன்றைக்கு நான் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்தேன், அம்மாவுக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு. அண்ணன் தனியாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

தயார் செய்த பதிலை அழித்தேன். மறுநாள் போன் செய்து, "அன்னைக்கு நான் வந்திருக்கணும்ணே, தப்புதான்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "சரி, வை" என்றார். அவ்வளவுதான். அழுது கட்டிப்பிடித்த காட்சியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

எதிர்ப்பு அதோடு நின்றுவிடவில்லை. ஆனால் அதில் ஒரு பாதி என் விசுவாசத்துக்கு எதிரானதே இல்லை, என் நடத்தைக்கு எதிரானது என்று புரிந்தது. உங்கள் வீட்டில் அது கால்வாசியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எது எது என்று பிரித்துப் பார்க்க ஜெபத்தைத் தவிர எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. சபை நண்பர்களிடம் கேட்டால் நான் உபத்திரவப்படுகிறேன் என்பார்கள், சொந்தக்காரர்களிடம் கேட்டால் எனக்குப் பைத்தியம் என்பார்கள்.

மீதிப் பாதி உண்மையாகவே விசுவாசத்தால் வருவது. அதை மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க முடியாது. அந்த இடத்துக்குத்தான் ஆராதனை.

துதித்தால் எதிரி விழுவான் என்பதற்கு யூதாவின் இன்னொரு ராஜாவான யோசபாத்தின் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள் (2 நாளாகமம் 20). மூன்று கூட்டத்தார் சேர்ந்து படையெடுத்து வர, யூதாவின் படைக்கு முன்னால் பாடகர்கள் நடந்தார்கள். எதிரிகள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு மடிந்தார்கள். நான் சொல்ல விரும்புவது அதற்கு முன்னால் இருக்கிறது. மூன்று அதிகாரம் முன்னே இதே ராஜாவின் படைக்கணக்கு வருகிறது. கூட்டினால் 11,60,000 பேர். அந்த மனிதர் ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக, குழந்தைகுட்டிகள் பார்த்துக்கொண்டிருக்க, எங்களுக்குப் பெலன் இல்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஜெபித்தார். மறுநாள் பாடிய பாட்டில் எதிரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கர்த்தருடைய கிருபை என்றென்றைக்கும் உள்ளது, அவ்வளவுதான் பாட்டு. எனக்கு இது பெரிய விடுதலை. நாள் முழுக்க அண்ணனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த மண்டைக்கு, அவர் இல்லாத ஒரு பத்து நிமிடம் அந்தப் பாட்டில் கிடைத்தது.

பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியதும் அப்படித்தான். அடி வாங்கிய காயத்தைச் சிறைக்காரன் கழுவிவிட்டது பூமி அதிர்ந்து கதவுகள் திறந்த பிறகுதான் என்று அப்போஸ்தலர் 16-இல் இருக்கிறது. அப்படியானால் பாடும்போது முதுகில் காயம் கழுவப்படாமல் இருந்திருக்கிறது, கால் தொழுமரத்தில், அதாவது கைதியின் காலைப் பூட்டும் கட்டையில், இருந்திருக்கிறது. கதவு திறந்ததும் ஓடவும் இல்லை. கதவைத் திறக்க வேண்டும் என்று பாடியவர்கள் ஓடியிருப்பார்கள் அல்லவா?

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அப்போஸ்தலர் 12-இல் ஏரோது ராஜா அப்போஸ்தலனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து அற்புதமாக விடுதலை ஆகிறார். யாக்கோபு ஏன் செத்தார், பேதுரு ஏன் தப்பினார் என்று வேதம் ஒரு விளக்கமும் தரவில்லை. பேதுரு வாசலில் நிற்கிறார் என்று ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னபோது, உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பிதற்றுகிறாய் என்றார்கள். அரைகுறை நம்பிக்கையோடு ஜெபிக்கிறோமே என்று உங்களுக்கு வருத்தம் இருந்தால், அந்த வீட்டில் உங்களுக்கு நிறையத் துணை உண்டு.

"மட்டும் போதுமா" என்ற சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். அடி, பூட்டி வைத்தல், உயிர் பயம் என்ற அளவுக்குப் போனால் ஜெபித்துக்கொண்டே அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள், நம்பகமானவரிடம் சொல்லுங்கள், சட்டத்தின் உதவியைக் கேளுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுதான். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். பிலிப்பியில் பாட்டுப் பாடிய அதே பவுல், விடிந்ததும் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அந்த அதிகாரத்தை வாசிக்கக் கொடுங்கள்.

அப்பா இப்போது பேசுகிறார், தேவைக்கு மட்டும். அண்ணன் இன்னும் மாதம் ஒருமுறையாவது குழுவில் ஏதாவது போடுவார். நானும் செல்போனைக் கட்டில்மேல் வைத்து வாசிப்பேன். உண்மைதான் என்று சொல்லும்படி ஏதாவது இருந்தால் மறுநாள் போன் செய்வேன். எதுவும் இல்லாத நாளில் ஒரு பாட்டைப் பாடிவிட்டுத் தூங்கிவிடுவேன்.