இருவாச்சிக்கு எத்தனை மி.மீ.?

கேள்வி: எஸ்டேட்டில் வேலை. வாரத்தில் ஒரு நாள் லீவு, அன்றைக்கு மளுக்கப்பாறை ரோட்டில் இருவாச்சி தேடிப் போவேன். வீட்டில் இருக்கும் பழைய கேமராவில் 18-55 லென்ஸ்தான், பறவை கொசு மாதிரி விழுகிறது. ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பாடிக்கு எவ்வளவு, லென்சுக்கு எவ்வளவு? 600 மி.மீ. கட்டாயம் வேண்டுமா?
- வாசகர், வால்பாறை

பதில்: பாதிக்கு மேல் லென்சுக்கு என்று முடிவு செய்துவிட்டுக் கடைப்படி ஏறுங்கள். பாடி நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் அதற்குப் பிறகும் உழைக்கும்.

600 கட்டாயமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இருவாச்சி அலகிலிருந்து வால்நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். 50 மீட்டர் தள்ளி அத்தி மரத்தில் உட்கார்ந்திருந்தால் 400 லென்ஸில் அது சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) மேல் 8 மி.மீ. நீளத்துக்கு விழும், 600இல் 12 மி.மீ. ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால் 8 என்பது கால்வாசிகூட இல்லை. கிராப் என்கிற சின்னச் சென்சாரில், கேனானுடையதன் அகலம் 22 மி.மீ. சொச்சம்தான், அதே 8 மி.மீ. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைத்துக்கொள்ளும். 400 லென்ஸ் 640 ஆகிவிடும் என்று கடையில் சொல்வது இதைத்தான். லென்ஸ் ஒன்றும் நீளவில்லை, சுற்றியிருக்கும் ஓரம் வெட்டுப்படுகிறது, அவ்வளவே. ஆனாலும் உங்கள் பட்ஜெட்டுக்குக் கிராப் பாடிதான் சரி.

ஆனால் உங்கள் ஊரில் பஞ்சம் தூரத்துக்கு இல்லை, வெளிச்சத்துக்குத்தான். நான் ஒரு தடவை 600 மி.மீ. எஃப் 11 லென்ஸ் (எஃப் எண் ஏற ஏற உள்ளே வரும் வெளிச்சம் குறையும்) ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, எடை குறைவாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அதே ரோட்டுக்குப் போனேன். காலை ஏழரை மணி, மேலே மூட்டம், ஜோடி ஒன்று நீராவி ரயில் மாதிரி சிறகடித்து வந்து கண்ணெதிரே உட்கார்ந்தது. எஃப் 5.6 லென்ஸாக இருந்திருந்தால் 1/250 நொடி வேகத்துக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ 3200 போதும்; அதை ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி கிளம்பும். எஃப் 11இல் உள்ளே வருவது அதில் கால்வாசி வெளிச்சம், ஆக 12800க்கு ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் மஞ்சள் அலகு மேல் ரவையைத் தூவின மாதிரி இருக்கிறது. ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பீர்கள், அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவை தலையைத் திருப்புவதை அடக்காது.

அதனால் என் யோசனை, செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி500 கிராப் பாடி, கூடவே 200-500 எஃப் 5.6. பாடி 2016இல் வந்தது, 20.9 மெகாபிக்சல், நொடிக்கு 10 படம். பழசு என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். லென்ஸ் 500 வரைக்கும் எஃப் 5.6ஐ விட்டுக்கொடுக்காது, நாளைக்கு நிக்கான் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை பாடி) வாங்கினாலும் அடாப்டர் போட்டு ஆட்டோஃபோகஸோடு ஓட்டலாம். குறை என்றால் எடை, 2.3 கிலோ, சாயங்காலம் தோள்பட்டை சொல்லும். வாங்கும்போது லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

புதுசுதான் வேண்டும், பறவையின் கண்ணைக் கேமராவே தேடிப் பிடிக்க வேண்டும் என்றால் கேனான் ஆர்10, ஆர்எஃப் 100-400. லென்ஸ் வெறும் 635 கிராம், நடந்தே சுற்றுகிறவருக்கு வரம். ஆனால் 400இல் எஃப் 8, காலை எட்டு மணிக்கு முன்னால் அழவைக்கும். புதுத்தோட்டத்துச் சோலைமந்திக்கும் மலைப்பாதை வரையாட்டுக்கும் அதுவே தாராளம், அவை ரோட்டோரமே வந்து நிற்கிறவை.

கேள்வி: பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை எடுக்கப் போகிறேன். 150-600 வைத்திருக்கிறேன். லென்சுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் வாங்கினால் இன்னும் துல்லியமாக வருமா?
- வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? பத்து மணிக்கு மேல் என்றால் எதை மாட்டினாலும் பூநாரையின் கால் நெளிந்துதான் விழும். சூடேறிய சேற்றுக்கும் உங்களுக்கும் நடுவில் காற்று தோசைக்கல்லுக்கு மேலே போல அலைகிறது, கன்வர்ட்டர் அந்த அலையையும் சேர்த்தே பெரிதாக்கும். அதுவும் போக ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போய் எஃப் 6.3 என்பது எஃப் 9 ஆகிவிடும், பல பாடிகளில் ஃபோகஸ் தடுமாறும். விடியும்போதே கரையில் இருங்கள், வெயில் முதுகுப் பக்கம் விழும்படி உட்காருங்கள். 100 மீட்டரில் நிற்கும் பறவை மேய்ந்துகொண்டே தானாக 50 மீட்டருக்கு வந்தால் லென்ஸ் இரட்டிப்பான மாதிரி. நாம் படகை விட்டுக் கிளப்பினால் கிடைப்பது பறவைகளின் பின்பக்கம்தான். கன்வர்ட்டர் காசுக்கு நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக்கு நாலு தடவை போய்வரலாம், கூழைக்கடாக்கள் அங்கே மரத்திலேயே கூடு கட்டுகின்றன.

கேள்வி: மழைக்காலத்தில் லென்ஸை அரிசி டப்பாவில் வைக்கலாமா?
- வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம், மாவு தூசு உள்ளே போகும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பத மீட்டர். 40க்கும் 50க்கும் நடுவில் முள் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடுங்கள். கேமராவோடு வரும் தோல் பையில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

கேள்வி: 100 மடங்கு ஜூம் உள்ள போன் வாங்கினால் கேமராவே வேண்டாமாமே?
- வாசகர், செங்கோட்டை

பதில்: அதில் முக்கால்வாசி, படத்தை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. மீதியைச் சாஃப்ட்வேர் ஊகித்து வரைகிறது. அந்தப் பணத்தில் 8 மடங்கு பைனாகுலர் ஒன்று வாங்கி ஒரு சீசன் முழுக்கப் பறவையைப் பாருங்கள், எந்த லென்ஸ் வேண்டும் என்று அப்புறம் எனக்கு நீங்களே எழுதுவீர்கள்.